குடுமி வைத்த உருண்டைகள்

ஏப்ரல் 21

கட்டிலுக்கு அடியில் படுத்து எழுதுகிறேன். டார்ச்சின் முகத்தில் கைக்குட்டை சுற்றியிருக்கிறேன். மேலே அம்மா தூங்குகிறாள். எனக்குக் கொஞ்சம்கூடப் பயமில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் இந்த நோட்டு அவள் கண்ணில் படக் கூடாது. பயம் எல்லாம் இதில்தான் இருக்கப் போகிறது.

என் பெயர் சுடரொளி. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது. நான் இருக்கும் இடம் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவியர் விடுதி. அம்மா பொற்கொடி இங்கே வேதியியலில் பி.எச்டி. செய்கிறாள். இந்த விடுதியில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் தங்கக் கூடாது. கண்டுபிடித்தால் அம்மாவின் அறையைப் பறித்துவிடுவார்கள். அம்மாவின் ஆராய்ச்சியில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. மே மாதம் நடுவில் கமிட்டி முன்னால் அதைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும், இத்தனை வருடம் படித்ததும் போய்விடும். இந்த நேரத்தில் அறை போனால் அம்மா எங்கே போவாள்? அப்பா ஓசூரில் ஷிப்டு வேலை பார்க்கிறார், நான்கைந்து ஆண்களோடு ஓர் அறையில் இருக்கிறார்.

நான் சாத்தூரில் பெரியம்மா வீட்டில்தான் இருந்தேன். பரீட்சை முடிந்த மறுநாள் அங்கே பெரியம்மாவின் மகனுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். எனக்கு இன்னும் போட்டதில்லை. பெரியம்மா என் பையைத் தெருவில் வைத்து, "உங்கம்மாட்ட போயிரு தாயி, உள்ள வராத" என்று சொல்லிவிட்டார்.

ராத்திரி ஏழு மணிக்கு மின்சாரம் போனபோது என்னை மாடி ஏற்றினார்கள். கூட நடந்தவள் பக்கத்து அறை ரிஹானா அக்கா. கணக்கில் ஆராய்ச்சி செய்கிறாள், ஊர் காயல்பட்டினம். என் தலையில் தன் துப்பட்டாவைப் போட்டு, "யாராச்சும் கேட்டா நீ எங்க மச்சி, காது கேக்காதுன்னு சொல்லிருவேன், நீ பாட்டுக்கு வா புள்ளே" என்றாள். மச்சி என்றால் அவர்கள் ஊரில் அண்ணி. இருட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியேதான் நடுங்கினேன்.

ஏப்ரல் 22

வார்டன் ஞானசௌந்தரி மேடம் வராண்டாவில் இரண்டு தடவை நடந்தார். இரண்டு தடவையும் கதவிடுக்கில் அவர் செருப்பைப் பார்த்தேன். பச்சை வார்.

மத்தியானம் அவர் ஆபீஸுக்குப் போயிருந்தார். அம்மா சைக்கிளில் வந்து தக்காளி சாதம் கொடுத்தாள். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 24

பகல் முழுவதும் அறைக்குள்தான். வார்டன் வாசலில் உட்கார்ந்திருந்தால் அம்மாவால் மத்தியானம் டப்பாவோடு வர முடியாது, யாருக்கு என்று கேட்டுவிடுவார். நேற்றும் இன்றும் ரிஹானா அக்காதான் தன் மெஸ் சாப்பாட்டில் பாதியைக் கொண்டுவந்தாள். "டயட்டுல இருக்கேன்னு சொல்லிட்டு ரெண்டு ஆள் சோறு வாங்கிட்டு வாரேன், மெஸ்ஸுல என்னைய ஒரு மாதிரி பாக்குறாக" என்றாள்.

ராத்திரி அம்மாவிடம், அவள் லேபில் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். இதுவரை கேட்டதே இல்லை. அம்மா முதலில், "பிளாக் கோபாலிமர் மைசெல்களோட மேற்பரப்பைப் படிகமாக்கல் மூலமா கட்டுப்படுத்துறது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

ஒரு நீளமான சங்கிலி. அதில் ஒரு பாதிக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுபாதிக்குப் பிடிக்காது. தண்ணீரில் விட்டால், பிடிக்காத பாதிகள் எல்லாம் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நடுவில் பதுங்கிவிடும். பிடித்த பாதிகள் முடி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். யாரும் உருட்ட வேண்டாம், தானாகவே உருண்டை ஆகிவிடும். அதுதான் மைசெல். கண்ணுக்குத் தெரியாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும்.

நடுவில் இருக்கும் பாதி மெழுகு மாதிரி. சூடுபடுத்தினால் உருகும், ஆறினால் படிகமாக உறையும். உறையும்போது மேலே இருக்கும் முடியையும் இழுக்கும். சரியாக உறைந்தால் முடி எல்லாம் அங்கங்கே சேர்ந்து குடுமியாகிவிடும், இடையில் மொட்டைத் திட்டு விழும். அந்தத் திட்டில் மருந்தை ஒட்டவைத்து உடம்புக்குள் அனுப்பலாம். சரியாக உறையாவிட்டால் முடி எங்கும் பரவலாக நிற்கும், ஒன்றுக்கும் ஆகாது.

"உனக்கு என்ன வேணும், குடுமியா பரட்டையா?" என்று கேட்டேன்.

"நான் சொல்ற அன்னிக்குக் குடுமி வேணும், நான் சொல்ற அன்னிக்குப் பரட்டை வேணும். கமிட்டி அதைத்தான் கேப்பாங்க."

இருட்டில் அம்மா நிறைய நேரம் பேசினாள். எனக்குத் தெரிந்து அவள் இவ்வளவு பேசியதே இல்லை.

ஏப்ரல் 26

சனிக்கிழமைதான் மைக்ராஸ்கோப்பில் அம்மாவுக்கு நேரம் கொடுப்பார்கள். இந்த வாரம் செய்த நான்கையும் பார்த்தாள். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் செய்தது அழகான குடுமி. புதனும் வியாழனும் பரட்டை. போனிலேயே படம் காட்டினாள். குடுமி வைத்த உருண்டைகள் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய குழந்தைகள் மாதிரி இருந்தன.

"ஒரே பாலிமர், ஒரே தண்ணி, ஒரே சூடு, பத்து நிமிஷம், அப்புறம் மெதுவா ஆற வைக்கிறது. எல்லாம் ஒண்ணுதான்" என்றாள் அம்மா. "ஏன் மாறுதுன்னு தெரியலன்னா இது ஆராய்ச்சி இல்ல சுடர், லாட்டரி."

சாப்பிடாமல் படுத்துவிட்டாள். தூங்கவில்லை. மேலே கட்டில் முனகிக்கொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 29

இன்று நான் செத்துப் பிழைத்தேன்.

மூன்று மணிக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ரிஹானா அக்கா அறையில் இல்லை. அம்மாவின் பழைய லேப் கோட்டைப் போட்டுக்கொண்டேன். ரிஹானா அக்கா கொடுத்து வைத்திருந்த அடையாள அட்டைக் கயிற்றைக் கழுத்தில் மாட்டி, அட்டையைத் திருப்பிவிட்டேன். நான் வகுப்பிலேயே உயரம். தண்ணீர்க் குழாயருகே பாட்டிலைப் பிடித்தபோது பின்னால் குரல் கேட்டது.

"ஏம்மா, நில்லு. எந்த டிபார்ட்மென்ட்?"

"கெமிஸ்ட்ரி, மேடம்."

"எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டா?"

தலையை ஆட்டினேன். பொய்யை வாய் சொல்லவில்லை, தலைதான் சொன்னது.

"என்ன டாபிக்?"

பாட்டில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே டாபிக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். தண்ணீர் பிடிக்காத பாதி, பிடித்த பாதி, மெழுகு, குடுமி, மொட்டைத் திட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தினால் வேறு ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று நிறுத்தவே இல்லை. மேடம் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"இப்போதைக்கு வர்றது குடுமியா, மொட்டையா?"

"சில நாள் குடுமி, சில நாள் பரட்டை மேடம். ஏன்னு தெரியல."

"என் தம்பி தலை மாதிரிதான். அவனுக்கும் ஏன்னு தெரியல." அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "நல்லா புரியும்படி சொல்றியே. இங்க பி.எச்டி. பண்றதுங்ககிட்ட டாபிக் கேட்டா தலைவலிதான் வரும். போ, போய்ப் படி."

அறைக்கு வந்ததும் கதவைத் தாழிட்டேன். ரிஹானா அக்காவிடம் சொன்னபோது அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். "பொற்கொடிக்கா வைவால பேசுறத விட நீ நல்லாப் பேசிருக்க புள்ளே."

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

மே 2

மாம்பழத் தோலை எங்கே போடுவது என்பது இந்த விடுதியில் பெரிய பிரச்சினை.

மே 4

நேற்று மறுபடி மைக்ராஸ்கோப். திங்கள் குடுமி, செவ்வாய் பரட்டை, புதன் குடுமி, வியாழன், வெள்ளி பரட்டை. அம்மா கைவிரலில் எண்ணிச் சொன்னபோது எனக்கு மாம்பழம் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை அம்மா மாம்பழம் கொண்டுவந்தாள். செவ்வாய் நான் மேடத்திடம் மாட்டிய நாள், சோறு ரிஹானா அக்காவுடையது. புதன் அம்மா எலுமிச்சைச் சாதத்தோடு வந்தாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ரிஹானா அக்காதான் மீன்குழம்பு. போன வாரமும் அப்படித்தான். தக்காளி சாதம், குடுமி. வெள்ளிக்கிழமை புளியோதரை, அதுவும் குடுமி.

அம்மா வந்து என்னோடு சாப்பிட்ட நாளில் எல்லாம் குடுமி. வராத நாளில் எல்லாம் பரட்டை.

அம்மா வரும் நாளில் அங்கே உருண்டைகள் என்ன ஆகின்றன? ஒருநாள் கேட்டிருக்கிறேன். "அது பாட்டுக்குச் சூட்டுல கிடக்கும், கலங்கின தண்ணி தெளிஞ்ச பிறகு எவ்வளவு நேரம் கிடந்தா என்ன" என்றாள். வந்து, சாப்பிட்டு, திரும்பிப் போக ஒரு மணி நேரம் ஆகும். அப்படியென்றால் அந்த நாட்களில் பத்து நிமிடம் இல்லை.

இதைச் சொன்னால் அம்மா தன் கைடு சாரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த ஒரு மணி நேரம் எங்கே போனாய் என்று அவர் கேட்பார்.

அம்மா மிகவும் களைத்திருந்தாள். அதனால் சொல்லவில்லை.

மே 5

இன்றும் களைத்திருந்தாள். பருப்புசாதத்தோடு வந்தாள். அப்பளம்கூட இருந்தது. இப்போது லேபில் குடுமி வந்துகொண்டிருக்கும் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அப்பளத்தை அம்மாவின் பக்கம் தள்ளிவிட்டேன்.

மே 6

சொல்லிவிட்டேன்.

ராத்திரி அம்மா போனில் அப்பாவிடம், "இல்லங்க, விட்டுரலாம்னு தோணுது, நான் இதுக்கு லாயக்கில்ல" என்று சொல்வது கேட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "உன்னாலதான்ம்மா குடுமி வருது" என்றேன். அதை மட்டும் சொன்னால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தக்காளி சாதத்திலிருந்து வரிசையாகச் சொன்னேன்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். போனில் அப்பா, "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் காலையிலேயே எழுதிருவேன்" என்றாள் அம்மா, யாரிடமோ சொல்வது மாதிரி. "பத்து நிமிஷம்னு காலையிலேயே எழுதி வச்சிட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பேன். எல்லா நாளும் அதே வரி."

பிறகு என்னைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் போட்டு, சத்தமில்லாமல் சிரித்தாள். சிரிப்பில் கட்டில் குலுங்கியது. பக்கத்துச் சுவரில் ரிஹானா அக்கா தட்டினாள். அம்மா கதவைத் திறந்து அவளையும் உள்ளே இழுத்தாள். ரிஹானா அக்கா கேட்டுவிட்டு யோசித்தாள். "வார்டன் வாசல்ல உக்காந்தா நீங்க வர முடியாது. நீங்க வரலன்னா பரட்டை. அப்ப மைசெல்லுக்கும் வார்டன்னா பயம்தான்."

தண்ணீர் தெளிந்தால் மெழுகு முழுக்க உருகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். கண்ணுக்குத் தெரியாத துணுக்குப் படிகங்கள் மிச்சம் இருக்கும், ஆறும்போது அந்தத் துணுக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக உறைய ஆரம்பித்துவிடும் என்றாள் அம்மா. "நெய்ய அவசரமா ஃப்ரிட்ஜுல வச்சா மாவாட்டம் உறையும்ல, அது மாதிரி. துணுக்கு எல்லாம் கரைஞ்ச பிறகு ஆற விட்டா ஒரு இடத்துல தொடங்கிப் பெருசா வளரும்."

மே 7

அம்மா லேபை விட்டு நகரவில்லை. ஒரே நாளில் பத்து நிமிடம் ஒன்று, ஒரு மணி நேரம் ஒன்று, இரண்டு மணி நேரம் ஒன்று. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாளாம். நாளையும் இதேதான்.

மே 10

பத்து நிமிடம் பரட்டை. ஒரு மணி நேரம் குடுமி. இரண்டு மணி நேரமும் குடுமி. இரண்டு நாளும் அப்படியே.

அம்மா படங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு அதே விரலால் என் மூக்கைத் தொட்டாள்.

ரிஹானா அக்கா ஒரு வழி சொன்னாள். "இன்னைலேர்ந்து நேரத்த மாத்திப் பாத்தேன்னு எழுதிருங்கக்கா. பழசுல பத்து நிமிஷம்னே இருக்கட்டும். யாருக்குத் தெரியப் போவுது? இந்தப் புள்ளையும் தப்பிச்சிக்கும்."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். அவள் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை இங்கேகூட எழுதப் போவதில்லை.

"பழசுல பத்து நிமிஷத்துல குடுமி வந்ததா அப்படியே கிடக்கும்" என்றாள் அம்மா. "அதை நம்பி இன்னொருத்தி பத்து நிமிஷம் வச்சு வச்சுப் பார்ப்பா. வராது. தான் இதுக்கு லாயக்கில்லன்னு நினைச்சுக்குவா."

ரிஹானா அக்கா, "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு என் தட்டில் ஒரு மீன் துண்டு அதிகமாக வைத்தாள்.

மே 12

அம்மாவின் சார் பெயர் வைத்தியலிங்கம். அம்மா எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள். நடந்ததை ராத்திரி எங்களுக்கு நடித்தே காட்டினாள்.

சார் படங்களை வரிசையாக மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தாராம். "தெளிஞ்சாச்சுன்னா உருகியாச்சுன்னு உனக்கு யார் சொன்னா?"

"நீங்கதான் சார்."

"நானா?"

"செய்முறைய நீங்கதான் சார் எழுதிக் குடுத்தீங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அப்புறம்தான் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அம்மா, என்னைப் பற்றியும், அம்மை போட்டதைப் பற்றியும், வார்டன் வாசலில் உட்காரும் நாள், உட்காராத நாள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப இந்த மைசெல்லோட மேற்பரப்பைக் கட்டுப்படுத்துறது படிகமாக்கல் இல்ல, ஞானசௌந்தரி மேடம்" என்றாராம் சார். சொல்லிவிட்டு அவராலேயே அடக்க முடியாமல் சிரித்திருக்கிறார். சிரித்து முடித்ததும் கோபம் வந்துவிட்டது. என்னை ஒளித்து வைத்ததற்காக இல்லை. குப்பியைச் சூட்டில் வைக்கும் வாட்டர் பாத்தை ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போனதற்காக. "தண்ணி வத்தித் தீப்பிடிச்சிருந்தா? நாளைக்கு ஒரு நாள் லேப் பக்கம் வராத. பழைய பக்கம் எல்லாத்துலயும் உண்மையான நேரத்த எழுதி, என்கிட்ட கையெழுத்து வாங்கு. வார்டன்கிட்ட நீயே போய்ச் சொல்லிரு. நான் சொல்லி அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

நாளைக்குக் காலையில் நாங்கள் இருவரும் வார்டனிடம் போகிறோம். அம்மாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

மே 13

இதை வேறு இடத்தில் எழுதுகிறேன்.

காலையில் வார்டன் அறைக்குப் போனோம். அம்மா பேச ஆரம்பிப்பதற்குள் மேடம் என்னைப் பார்த்து, "வாம்மா, குடுமி வந்துச்சா?" என்றார். அம்மாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. நான் தண்ணீர்க் குழாய் விஷயத்தை அவளிடம் சொன்னதே இல்லை.

"இது என் பொண்ணு மேடம்" என்றாள் அம்மா. "ஒன்பதாவது முடிச்சிருக்கா. மூணு வாரமா என் ரூம்ல இருக்கா."

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒன்பதாவதா" என்று கேட்டார். மறுபடி, "ஒன்பதாவதா" என்றார். "இந்தப் பொண்ணு எம்.எஸ்ஸி., பிரமாதமா பேசுறான்னு ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வரைக்கும் சொல்லிட்டு வந்திருக்கேனே பொற்கொடி."

அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. அதனால் கோபமும் நிஜம். அம்மாவை நிற்க வைத்தே திட்டினார். விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார். ராத்திரி லேபுக்குப் போகும் அனுமதியை மாதக் கடைசிவரை நிறுத்தினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் "சரி மேடம்" என்றாள். கடைசியில்தான் கேட்டாள். "ரூம காலி பண்ணணுமா மேடம்?"

நான் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ எதுக்குக் காலி பண்ணணும்? உனக்குப் பதினெட்டு தாண்டலையா?" என்றார் மேடம். "இவ என் ஹாஸ்டல்ல தங்கக் கூடாது. இன்னிக்கு ராத்திரி இவ இங்க இருந்தா ரெண்டு பேரும் வெளியில. அவ்வளவுதான் விதி." என் பையைப் பார்த்தார். "பின்னாடி என் குவார்ட்டர்ஸ் இருக்கு. அது ஹாஸ்டல் இல்ல."

ஆக, நான் இப்போது வார்டன் வீட்டுக் கூடத்தில் பாயில் படுத்திருக்கிறேன். மூன்று வாரமாக எந்தச் செருப்பைப் பார்த்து மூச்சைப் பிடித்தேனோ அது என் தலைமாட்டில் கிடக்கிறது. ராத்திரி கோதுமை உப்புமா கொடுத்தார். டி.வி.யில் சீரியல் ஓடும்போது விளம்பரம் வந்ததும் சத்தத்தைக் குறைத்து, "சரி, அந்தத் துணுக்கு எப்படித் தப்பிச்சு மிச்சம் இருக்குது, சொல்லு" என்று கேட்டார். சொன்னேன். சீரியல் திரும்ப ஆரம்பித்துவிட்டது. அவர் சத்தத்தைக் கூட்டவில்லை.

இப்போது உள்ளே குறட்டை கேட்கிறது. இவருக்குக் குறட்டை உண்டு என்பதை விடுதியில் நான் ஒருத்திதான் அறிவேன்.

மே 14

அம்மா மத்தியானம் என்னை லேபுக்குக் கூட்டிப்போனாள். சார் அனுமதி. வாட்டர் பாத் முன்னால் இரண்டு ஸ்டூல் போட்டு, ஒரு மணி நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக் குப்பியில் ஒன்றுமே நடக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமான ஒன்றும் நடக்காததை நான் பார்த்ததில்லை.

மே 16

கமிட்டி முன்னால் அம்மா பேசும்போது யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாமாம். கடைசி வரிசையில் ரிஹானா அக்கா, நான், மேடம். மேடம் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார்.

அம்மாவின் குரல் முதலில் நடுங்கியது. திரையில் குடுமி வைத்த உருண்டைகள் வந்ததும் நடுக்கம் போய்விட்டது. இத்தனை நேரம் சூட்டில் வைத்தால் இது, இத்தனை நேரம் வைத்தால் அது என்று காட்டினாள். வெளியூரிலிருந்து வந்த வயதான பேராசிரியர் ஒருவர் கேட்டார்.

"ஒரு மணி நேரம் வச்சுப் பார்க்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"தோணல சார்" என்றாள் அம்மா. "என் பொண்ணுக்குச் சாப்பாடு குடுக்கப் போயிட்டேன். ஏன்னு கண்டுபிடிச்சது அவதான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் என் முதுகில் இடித்து, "நிமிர்ந்து உக்காரு" என்றார்.

எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ரிஹானா அக்கா நகத்தைக் கடித்தாள். மேடம் வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நான் படிக்கட்டுப் பக்கம் போய், யாரும் பார்க்காத இடத்தில் நின்றுகொண்டேன். பழக்கம்.

கதவு திறந்தது. வைத்தியலிங்கம் சார், "சப்மிட் பண்ணலாம்னு சொல்லிட்டாங்க" என்றார். பின்னாலேயே அம்மா வந்தாள். ரிஹானா அக்கா அவளைக் கட்டிப்பிடித்தாள். அவள் தோளுக்கு மேலே அம்மாவின் கண் என்னைத் தேடியது, கிடைக்கவில்லை.

இத்தனை நாளில் அம்மா என் பெயரைக் காதுக்குள் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். இன்று அத்தனை பேராசிரியர்களுக்கும் நடுவில் நின்று, மாடி முழுக்கக் கேட்கும்படி, "சுடர்" என்று கூப்பிட்டாள்.

"என்னம்மா" என்றேன், அதைவிடச் சத்தமாக.